பிள்ளைகள் கையில் வெள்ளைப் பலகை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகை கொடுத்துப் பாடம் நடத்துவதைப் பற்றிச் சக ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். அதனால் எடுத்துக்காட்டுகள் கணக்குப் பக்கமே சாய்ந்திருக்கும். மற்றப் பாடங்களுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

வகுப்பில் ஏற்கெனவே பெரிய பலகை இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனிப் பலகை எதற்கு?

பெரிய பலகையில் இருப்பது நமக்குத் தெரிந்தது. பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பதை அது காட்டுவதில்லை. நாம் ஒரு கேள்வி கேட்கிறோம், முன் பெஞ்சில் நாலு கை எழுகிறது, அதில் ஒரு பிள்ளை சரியாகச் சொல்கிறாள், "வெரி குட், எல்லோருக்கும் புரிந்ததா?" என்கிறோம், "புரிந்தது சார்" என்று கோரஸாக வருகிறது. மீதி நாற்பது பேர் மனதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் தெரிகிறது. அதற்குள் அந்தப் பாடம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும்.

சின்னப் பலகை அந்த மூன்று வாரத்தை அரை நிமிடமாக்குகிறது. கேள்வி கேட்டதும் எல்லோரும் எழுத வேண்டும், எல்லோரும் ஒரே சமயத்தில் காட்ட வேண்டும். யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அந்த நொடியே கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகளின் உற்சாகத்துக்காக மட்டும் பலகை கொடுத்தால் இரண்டு வாரத்தில் அந்த மோகம் தீர்ந்துவிடும். அவர்கள் யோசிப்பது நம் கண்ணில் படுவதற்காகக் கொடுத்தால் ஆண்டு முழுக்கப் பயன்படும்.

பலகையில் என்ன மாதிரிக் கேள்வி கேட்க வேண்டும்?

முழு உழைப்பும் இதில்தான் இருக்கிறது. பலகை வாங்கிய ஆசிரியர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கேள்வி மொண்ணையாக இருந்தால் பலகையும் வெறும் எழுதுபொருள்தான்.

ஒரு தசம எண் கேள்வியைப் பாருங்கள். "0.5, 0.45, 0.405: சிறியதிலிருந்து பெரியதுக்கு வரிசைப்படுத்து." பார்க்க நல்ல கேள்விதான். சரியான விடை 0.405, 0.45, 0.5. ஆனால் "புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் அதிகமோ அத்தனை சின்ன எண்" என்று தவறாக நினைக்கும் பிள்ளையும் இதே விடையைத்தான் எழுதுவான். அப்படி நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. பத்தில் ஒன்றைவிட ஆயிரத்தில் ஒன்று சிறியது என்று நாம் சொன்னதை அவர்கள் அப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள். விடை சரி, காரணம் தவறு, நமக்கோ அது தெரியாது.

இப்போது எண்களை மட்டும் மாற்றுங்கள்: 0.5, 0.45, 0.625.

சரியாகப் புரிந்த பிள்ளை 0.45, 0.5, 0.625 என்று எழுதுவாள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிற பிள்ளை 5, 45, 625 என்று நினைத்துக்கொண்டு 0.5, 0.45, 0.625 என்று எழுதுவான். இலக்கம் கூடினால் எண் சிறுக்கும் என்று நினைப்பவன் 0.625, 0.45, 0.5 என்பான். மூன்று விதமான எண்ணத்துக்கு மூன்று விதமான பலகை. பார்த்த மாத்திரத்தில் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. எண்களைத் தேர்ந்தெடுத்தது மட்டும்தான் நாம் செய்த வேலை.

இந்த மாதிரிக் கேள்வியை முந்தின நாள் இரவே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் நின்றுகொண்டு திடீரென்று தோன்றாது. ஒரு பீரியடுக்கு இரண்டு கேள்வி போதும். பின்னக் கூட்டலில் 1/2 + 1/3 கேளுங்கள், 2/5 என்று எத்தனை பலகை வருகிறது என்று தெரியும். (a + b)² = a² + 2ab + b² என்ற இயற்கணித முற்றொருமை தொடங்குவதற்கு முன்பு (5 + 2)² எவ்வளவு என்று எண்ணிலேயே கேளுங்கள். 29 என்று எழுதுகிறவர்கள் ஐந்தையும் இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டியவர்கள். ஏழின் வர்க்கம் 49 என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு விடையையும் அவர்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், அதற்கப்புறம் முற்றொருமையின் நடு உறுப்பு எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் காது கொடுப்பார்கள்.

"ஆம், இல்லை" என்று முடிகிற கேள்வியைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். பாதிப் பேர் குருட்டாம்போக்கில் சரியாக எழுதிவிடுவார்கள்.

45 பேர் இருக்கும் வகுப்பில் இது சாத்தியமா? ஒரே கூச்சலாகிவிடாதா?

பழக்கம் ஏற்படும்வரை கூச்சல் இருக்கும். முதல் வாரத்தில் கணக்கோடு சேர்த்து இந்தப் பழக்கத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என் வகுப்பில் மூன்று சொல்தான்: "எழுது, கவிழ், காட்டு." எழுதி முடித்தவர்கள் பலகையைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட வேண்டும். முக்கால்வாசிப் பேர் கவிழ்த்ததும் "காட்டு" என்பேன். எல்லோரும் தாடைக்குக் கீழே, நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் இருப்பவரை மறைக்கும். முகத்துக்கு முன்னால் பிடித்தால் யாருடைய பலகை என்று தெரியாது.

நான் கடைசி பெஞ்சிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். முன் வரிசையை எப்படியும் பார்த்துவிடுவோம், பின் வரிசைதான் விடுபடும். விடை சுருக்கமாக இருந்தால் 45 பலகையையும் அரை நிமிடத்தில் கண்ணோட்டம் விட்டுவிடலாம். அதனால்தான் பெரிய எழுத்தில், ஒரே வரியில் முடிகிற விடையாகக் கேட்பது.

கேட்டவுடனே "காட்டு" என்று அவசரப்படுத்தாதீர்கள். அமெரிக்காவில் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பலகையில் எழுதச் சொல்லும்போது அந்த நேரம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

எல்லோரும் காட்டிவிட்டார்கள். அடுத்து என்ன?

பார்த்துவிட்டு "சரி, விடை இதுதான்" என்று எழுதிப் போட்டால் பலகையே தேவையில்லை. பார்த்ததை வைத்து அடுத்த ஐந்து நிமிடம் மாற வேண்டும்.

பெரும்பாலும் சரியாக இருந்தால் இரண்டு பேரை எழுப்பி "எப்படி வந்தது?" என்று கேளுங்கள், மேலே போங்கள். தவறாக எழுதிய நாலைந்து பேரைக் குறித்துக்கொண்டு, மற்றவர்கள் பயிற்சிக் கணக்குப் போடும்போது அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

பாதிக்குப் பாதி என்றால் அதைப் போல நல்ல சந்தர்ப்பம் வேறில்லை. விடையைச் சொல்லாதீர்கள். "உன் விடையிலிருந்து வேறுபட்ட விடை எழுதியவரைத் தேடி, உன் காரணத்தைச் சொல்லி ஒப்புக்கொள்ள வை" என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வியை மறுபடி எழுதச் சொல்லுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இது. அவர் அதைப் பெரிய விரிவுரை அரங்குகளில் செய்தார். பெஞ்சும் டெஸ்க்கும் உள்ள நம் வகுப்பிலும் அது நடக்கிறது. நாம் பத்து நிமிடம் விளக்கியும் ஏறாதது பக்கத்துப் பெஞ்சுக்காரன் சொன்னதும் ஏறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அவனுக்குப் போன வாரம்தான் அது புரிந்தது, எந்த இடத்தில் சிக்கியது என்பது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பெரும்பாலும் தவறு என்றால் நிறுத்திவிடுங்கள். சொன்னதையே உரக்கச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. படம் போட்டோ, எண் கோடு வரைந்தோ, காகிதத்தை மடித்தோ வேறு வழியில் போக வேண்டும். அன்றைய பாடக் குறிப்பேட்டில் எழுதியது அன்றைக்கு முடியாமல் போகலாம். போகட்டும்.

தவறாக எழுதிய பிள்ளை எல்லோர் முன்னாலும் கூனிக் குறுகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆசிரியர் நல்ல ஆசிரியர். பலகையின் திசை ஆசிரியரை நோக்கித்தான் இருக்க வேண்டும். "திரும்பி எல்லோருக்கும் காட்டு" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. ஒரு தவறான விடையைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அதை நான் பெரிய பலகையில் எழுதுவேன், பெயர் சொல்ல மாட்டேன். "இப்படி ஒரு விடை வந்திருக்கிறது. எழுதியவர் எப்படி யோசித்திருப்பார்?" என்று கேட்பேன். அந்த யோசனையில் ஏதாவது ஒரு நியாயம் இருக்கும், அதை முதலில் பாராட்டுவேன். 1/2 + 1/3-ஐ 2/5 என்றவன் மேலேயும் கீழேயும் ஒழுங்காகக் கூட்டியிருக்கிறான். "ஆனால் 2/5 என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் குறையுமா?" என்று கேட்டால் வகுப்பே யோசிக்கத் தொடங்கும்.

பலகையை வெற்றாகக் காட்டுவது எங்கள் வகுப்பில் கிடையாது. ஒன்றும் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட வேண்டும், எந்த இடத்தில் நின்றுபோனது என்று ஒரு சொல் எழுத வேண்டும். "மீ.சி.ம.?" (மீச்சிறு பொது மடங்கு) என்று எழுதிக் காட்டிய பிள்ளைக்கு எங்கே தடங்கல் என்று கேட்காமலே தெரிந்துவிடுகிறது. வாயால் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இதைத் தாராளமாக எழுதுகிறார்கள்.

காகிதத்தில் எழுதிய தவறு நிற்கிறது, சிவப்பு மையும் மேலே விழுகிறது. பலகையில் விரலால் துடைத்தால் போய்விடுகிறது. தப்பு செய்யப் பயப்படும் பிள்ளைகளுக்கு இந்த வசதியே பாதித் தெம்பு.

பக்கத்துப் பலகையைப் பார்த்து எழுதுகிறார்களே?

எழுதத்தான் செய்வார்கள். கவிழ்த்து வைக்கும் பழக்கம் பாதியைக் குறைக்கும். ஒரே பெஞ்சில் இரண்டு விதமான எண் கொடுத்தால் இன்னும் குறையும். மதிப்பெண்ணே கிடையாது என்று தெரிந்த பிறகு பார்த்து எழுதும் ஆசை மெல்ல விட்டுப்போகும். எனவே பலகை விடைக்கு ஒருபோதும் மதிப்பெண் போடாதீர்கள்.

பூவும் காரும் வரைந்துகொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது?

பலகை கொடுத்ததும் இரண்டு நிமிடம் வரையவே விடுங்கள். கை அரிப்பு தீரட்டும். அதன்பிறகு மார்க்கர் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் நீளமாகப் பேசும் நேரத்தில் பலகை கையில் இருக்கக் கூடாது, மேசைக்குக் கீழே போக வேண்டும்.

எல்லாம் அழிந்துவிடுகிறது. நோட்டைப் பார்க்க வரும் அதிகாரிக்கும் பெற்றோருக்கும் எதைக் காட்டுவது?

நம் பள்ளிகளில் இது நிஜமான சிக்கல். "பையன் நோட்டில் ஒன்றுமே இல்லை, வகுப்பில் என்னதான் நடக்கிறது?" என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. ஆண்டாய்வுக்கு வருபவர் நோட்டுத் திருத்தத்தைத்தான் பார்ப்பார்.

நான் செய்வது இது. பீரியடின் கடைசி ஏழெட்டு நிமிடம் பலகைகள் உள்ளே போய்விடும், நோட்டு வெளியே வரும். அன்றைக்குப் பலகையில் விவாதித்த கணக்கில் ஒன்றைத் தேதி போட்டு முழுப் படிகளோடு எழுத வேண்டும். கீழே ஒரு வரி: "முதலில் நான் எழுதியது இது, மாற்றியது இதனால்." இந்த ஒரு வரி திருத்தம் செய்யும் எனக்கும் உதவுகிறது, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் உதவுகிறது. வகுப்பில் பத்துக் கணக்கு எழுதிப் போட்டு அவர்கள் நகலெடுத்த நோட்டைவிட இந்த நோட்டு மெலிந்திருக்கும். ஆனால் அதில் இருப்பது அவர்களுடையது. தலைமையாசிரியரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்படி நிறுத்தி நிறுத்திப் போனால் போர்ஷன் முடியுமா?

ஒரு கேள்விக்குச் சுமார் மூன்று நிமிடம் ஆகும். திருப்புதல் தேர்வுக்கு முன்பு அதே பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே தெரிந்ததை விளக்கிக்கொண்டிருக்கும் நேரமும் மிச்சமாகிறது. ஒரு தலைப்பை நடத்தத் தொடங்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டு, வகுப்பு முழுவதும் சரியாக எழுதினால் அந்தத் தலைப்பைத் தாண்டிவிடலாம்.

பலகைக்கு எங்கே போவது? பள்ளியில் நிதி இல்லையே.

ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. நாற்பது வாங்கினால் கையைக் கடிக்கும். அதைவிட நல்ல வழி பிளைவுட் கடை.

அமெரிக்காவின் அரிசோனாவில் மால்கம் வெல்ஸ் என்ற பள்ளி இயற்பியல் ஆசிரியர் இருந்தார். அங்கே குளியலறைச் சுவரில் ஒட்டும் எட்டடிக்கு நாலடி வெள்ளை ஷீட்டை ஆறு துண்டாக வெட்டினால் 32 அங்குலத்துக்கு 24 அங்குலத்தில் ஆறு குழுப் பலகை கிடைக்கும். அந்தப் பலகைகள் வெல்ஸின் வகுப்பு வழியே அந்த நாட்டு இயற்பியல் ஆசிரியர்களிடையே பரவின. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டனஸும் அவரும் வளர்த்தெடுத்த கற்பித்தல் முறைக்கு அந்த மலிவான பலகையே அடையாளமாகிவிட்டது.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது மைக்கா ஷீட். அதுவும் எட்டுக்கு நாலுதான். பளபளப்பான வெள்ளை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், மங்கலான மேற்பரப்பில் மை பிடித்துக்கொள்ளும். 16 அங்குலத்துக்கு 12 அங்குலமாக வெட்டினால் ஒரு ஷீட்டில் 24 பலகை. இரண்டு ஷீட் வாங்கினால் 48, ஒரு வகுப்புக்குத் தாராளம். ஒரு மில்லிமீட்டர் மைக்கா தனியாக இருந்தால் மூலை உடையும், ஆகவே மெல்லிய பிளைவுட்டிலோ கெட்டி அட்டையிலோ ஒட்டிவிடுங்கள். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுற்றிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தச்சு வேலை தெரிந்த பெற்றோர் யாராவது ஒருவர் இருப்பார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும்.

அதுவும் முடியாவிட்டால் ஏ4 வெள்ளைத் தாளை லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஒரு பருவத்துக்குத் தாங்கும். ஒரு பக்கம் வெறுமையாகவும் மறுபக்கம் கட்டம் போட்ட தாளாகவும் இருந்தால் வரைபடத்துக்கும் ஆகும்.

துடைக்கப் பழைய பனியன் துணி. டஸ்டர் வாங்கத் தேவையே இல்லை.

மார்க்கர் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. எழுதியது அழியாமல் கறையாக நிற்கிறது.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பலகை மார்க்கரின் மையில் நிறமியோடு, சீக்கிரம் ஆவியாகும் ஆல்கஹால் வகைக் கரைப்பானும், நிறமி பலகையில் ஒட்டாமல் தடுக்கும் எண்ணெய்ப் பசை கொண்ட ஒரு பொருளும் இருக்கின்றன. கரைப்பான் ஆவியானதும் நிறமி மெல்லிய தோலாக மேலே மிதக்கிறது, துணி பட்டதும் வந்துவிடுகிறது. மூடியைத் திறந்து போட்டால் கரைப்பான் போய்விடும், மார்க்கர் வறண்டுவிடும். எழுதியதை நாள்கணக்கில் விட்டாலோ வெயில் படும் ஜன்னலோரம் வைத்தாலோ மை இறுகிக் கறையாகும்.

கறை மேல் அதே மார்க்கரால் மறுபடி எழுதி உடனே துடையுங்கள். புதுக் கரைப்பான் பழைய மையை இளக்கிவிடும். யாராவது பெர்மனன்ட் மார்க்கரால் கிறுக்கிவிட்டாலும் இதே வைத்தியம். கைக்குப் போடும் சானிடைசரும் வேலை செய்யும். பாத்திரம் தேய்க்கும் நார் வேண்டவே வேண்டாம், பளபளப்புப் போய்விட்டால் பலகை போனதுதான்.

மார்க்கரைப் படுக்க வைத்தே வையுங்கள். முனை மேலாக நிறுத்தினால் மை அடியில் இறங்கிவிடும். மை ஊற்றிக்கொள்ளும் வகை மார்க்கர் வாங்கி ஒரு மைக்குப்பி வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும். மாலையில் மூடிகளைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒரு மாணவரிடம் கொடுங்கள், வாரம் ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம்.

நிறத்தில் கறுப்பும் நீலமும் போதும். சிவப்பும் பச்சையும் தூரத்திலிருந்து மங்கலாகத் தெரியும். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம்.

இது வெளிநாட்டு முறைதானே? நம் பிள்ளைகளுக்குச் சிலேட்டு போதாதா?

சிலேட்டு இருந்தால் சிலேட்டையே பயன்படுத்துங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அது தாராளமாகப் போதும். பெரிய வகுப்பில் பல்பத்தின் கோடு பின் பெஞ்சிலிருந்து கண்ணுக்கு எட்டாது, அதற்காகத்தான் வெள்ளைப் பலகையும் தடித்த மார்க்கரும்.

வெளிநாட்டு முறை என்பதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அனாதை இல்லத்தின் பொறுப்புக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் வந்தார். இங்கிருந்த உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள், தவறினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதுகிறார்கள், செலவே இல்லை. அதைத் தம் இல்லத்தில் பலகை மேல் மணல் பரப்பிச் செய்துபார்த்தார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார். ஊர் திரும்பியதும் 1797-இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

அதற்கப்புறமும் நம்மிடம் ஒன்று நடந்தது. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், பிறகு தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எட்டும் உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை அமைத்தார்கள். பல பள்ளிகளில் அது இன்னும் இருக்கிறது. அதன் மேல் பீரோவை நிறுத்தி வைத்திருந்தால் தயவுசெய்து நகர்த்திவிடுங்கள்.

குழுவாகச் சேர்ந்து எழுதும் பெரிய பலகை எப்போது வேண்டும்?

ஒரு வரியில் முடியாத கணக்குக்கு. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்வி ஆராயும் பீட்டர் லில்யெடால் இதை ஆண்டுக்கணக்கில் வகுப்புகளில் சோதித்துப் பார்த்தவர். மூன்று மூன்று பேராக, சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்து, நின்றபடியே சுவர்ப் பலகையில் எழுத விடுவார். குழுவுக்கு ஒரே மார்க்கர். காகிதத்தைவிட, எளிதாக அழிக்க முடிகிற பரப்பில் பிள்ளைகள் சீக்கிரம் எழுதத் தொடங்குகிறார்கள் என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

என் வகுப்பில் அந்த ஒற்றை மார்க்கர்தான் பெரிய வித்தியாசம் செய்தது. மார்க்கர் வைத்திருப்பவர் தன் யோசனையை எழுதக் கூடாது, மற்றவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று விதி. கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளை மார்க்கரைப் பிடித்திருக்கும்போது மற்ற இருவரும் பேசியே ஆக வேண்டும். மார்க்கர் கை மாறும்போது அவள் வாயால் விளக்கியாக வேண்டும். நின்றுகொண்டிருப்பதால் எந்தக் குழு முட்டி நிற்கிறது என்று வகுப்பின் நடுவிலிருந்தே பார்த்துவிடலாம். பக்கத்துக் குழுவை எட்டிப் பார்த்து யோசனை வாங்கிக்கொள்ளவும் அனுமதி உண்டு. சுவரில் இடமில்லாவிட்டால், முன்பு சொன்ன ஆறு துண்டுப் பலகையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பாடங்களுக்கு எப்படி?

அறிவியலில் படம் வரையச் சொல்லுங்கள். "மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் நொடியில் அதன் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியால் காட்டு. காற்றுத் தடையை விட்டுவிடு." சிலர் மேல்நோக்கி ஓர் அம்பு போடுவார்கள், கை தள்ளியது இன்னும் பந்துக்குள் இருக்கிறது என்று நினைப்பு. சிலர் ஒன்றுமே போட மாட்டார்கள், பந்து நின்றுவிட்டதால் விசையும் இல்லை என்று நினைப்பு. கீழ்நோக்கி ஒரே அம்பு போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வரையறையை ஒப்பித்த பிள்ளைகளும் இங்கே தடுமாறுவார்கள்.

தமிழில் அசை பிரிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. "கடவுள்" என்று கொடுத்தால் க, ட, வுள் என்று மூன்றாகப் பிரித்த பலகைகள் வரும். தனிக் குறில் தன்னை அடுத்த குறிலோடு சேர்ந்து நிரையசையாகும் என்பதை மறந்தவர்கள் அவர்கள். கட / வுள், நிரை நேர், புளிமா என்று மறுபடி எழுத வைக்கலாம். ஒற்று மிகும் இடம், ரகர றகரம், லகர ளகர ழகரம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் காலம் மாற்றி எழுதச் சொல்லலாம். சமூக அறிவியலில் வரைபடத்தின் புறக்கோட்டை லேமினேட் தாளுக்கு அடியில் வைத்து ஆறுகளை வரையச் சொல்லலாம்.

ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. இனிமேல் இது தேவையா?

ஸ்மார்ட் போர்டில் வடிவங்களைச் சுழற்றிக் காட்டலாம், காணொளி போடலாம், நல்லதுதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் அதைத் தொட முடியும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேள்வியை ஸ்மார்ட் போர்டில் போட்டு விடையைக் கைப்பலகையில் வாங்குங்கள். கரண்ட் போனாலும் வகுப்பு நடக்கும்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குச் சிரமமாக இருக்குமா?

பெரும்பாலும் நேர்மாறு. காது மந்தமான பிள்ளைக்கும் திக்கிப் பேசும் பிள்ளைக்கும் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் பதில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. காது கேளாத பிள்ளை இருந்தால் "காட்டு" என்பதோடு கையையும் உயர்த்துங்கள், கேள்வியைப் பெரிய பலகையில் எழுதிவிடுங்கள். பார்வை குறைந்தவருக்குத் தடித்த கறுப்பு மார்க்கர், பளபளப்பு கூசாத இடம். இடது கைப்பழக்கம் உள்ள பிள்ளை எழுதியதைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டு போகும், அதற்குப் பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைக்கக் காட்டிக் கொடுங்கள். மெதுவாக எழுதும் பிள்ளைக்காகப் பத்து நொடி கூடுதலாகக் காத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

எந்த இடத்தில் இது உதவாது?

எட்டு மதிப்பெண் நெடுவிடை, கட்டுரை, வடிவியல் வரைதல், இவற்றுக்கெல்லாம் தாள்தான். மார்க்கர் கோட்டின் தடிமனில் கவராயம் வைத்து வரைந்தால் அளவு நிற்காது. அமைதியாக நீண்ட நேரம் வாசிக்க வேண்டிய பீரியடிலும் பலகை வேண்டாம். தினமும் எல்லாப் பீரியடிலும் எடுத்தாலும் சலித்துவிடும்.

நாளைக்கே தொடங்க வேண்டும். முதல் நாள் என்ன செய்வது?

ஒரே ஒரு வகுப்பில் தொடங்குங்கள், உங்களுக்கு நன்றாகப் பழகிய வகுப்பில். பலகை இன்னும் வாங்கவில்லை என்றால் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாலும் நாளைக்குப் போதும். முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும், பிறந்த மாதம், பிடித்த சாப்பாடு என்று. அதை வைத்து "எழுது, கவிழ், காட்டு" பழகட்டும். அடுத்து, போன வாரம் நடத்திய பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நீங்கள் உறுதியாக நம்பும் பகுதியிலிருந்தே அதை எடுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள், வந்த தவறுகளை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் வகுப்பை அந்தத் தவறுகளிலிருந்து தொடங்கலாம்.